சேர்ந்து பாடும் கலையும் இசையெழுத்தும்

(கழகத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கல்வி, வேலைவாய்ப்பு, உதவித்தொகை ஆகியவை பற்றிப் பேச அறிஞர் பலர் வந்துள்ளனர். எனக்கு அளிக்கப்பட்ட பொருள் பள்ளிச் சேர்ந்திசை. பாட்டுப் பாடுவதும் ஒரு படிப்பாகுமா என்று சிலர் ஐயுறலாம். அது படிப்பே என்பதையும், நம் பிள்ளைகளுக்கு மிகவும் வேண்டிய படிப்பு என்பதையும் எடுத்துரைக்க விழைகிறேன்.

நம் மக்களிடம் இசை இல்லாமல் இல்லை. மேலூரிலும் வாடிப்பட்டியிலும் திருமங்கலத்திலும் நடவுப் பாட்டுக் கேளாத வயல் முன்னாளில் இருந்ததில்லை. தாலாட்டும் ஒப்பாரியும் நம் தாய்மார் நாவில் வாழ்கின்றன. பாணரையும் துடியரையும் பறையரையும் சிறந்த குடிகளாகப் போற்றுகிறது புறநானூறு. ஆயினும் பின்வந்த காலத்தில் நம்மிடம் இருந்த இசையை எழுதி வைப்பார் இலர். எழுதி வைத்த இசையை நமக்குக் கற்பிப்பாரும் அரியர். நான் விடுதியில் தங்கிப் படித்த நாளில், பாட்டுக் கற்க விரும்பிய எங்களுள் சிலரை, "உங்கள் பிள்ளைகளுக்குச் சுருதி நிற்காது" என்று கூறி ஓர் ஆசிரியர் திருப்பி அனுப்பினார். சுருதி பிறப்பால் நிற்பதன்று, பயிற்சியால் நிற்பது. இதனை முப்பது ஆண்டுகளாகப் பள்ளியில் கண்டு வருகிறேன்.

முதலில் குரற்பயிற்சியைக் கூறுகிறேன். சேர்ந்திசையின் முதற்பாடம் நிற்றலும் மூச்சும் ஆகும். இரு கால்களிலும் எடை சமமாக விழ நிமிர்ந்து நிற்றல் வேண்டும். மூச்சை இழுக்கும்போது தோள் உயரலாகாது. விலாவும் வயிறும் விரிதல் வேண்டும். நான்கு எண்ணி உள்ளிழுத்து, எட்டு எண்ணிச் சீராக வெளிவிடப் பழகினால், சில வாரங்களில் நீண்ட அடியையும் இடைமுறியாது பாடலாம். தாடையைத் தளர்த்தி வாயை நன்கு திறந்தால் உயிரெழுத்து முழங்கும். தொண்டையை நெரித்துக் கத்துதல் குரலைக் கெடுக்கும்.

பன்னிரண்டு முதல் பதினைந்து வயதிற்குள் பையன்களின் குரல்வளை வளர்ந்து குரல்நாண்கள் நீளுகின்றன. அதனால் குரல் ஏறத்தாழ ஒரு தாயி அளவு தாழ்கிறது. இது நோயன்று, இயற்கை. அக்காலத்தில் உச்சத்தில் பாடுமாறு வற்புறுத்தாமல், எளிதில் வரும் சுரங்களை மட்டும் பாடச் செய்தல் வேண்டும். "குரல் உடைந்துவிட்டது" என்று பாட்டையே விட்டவர் நம்மில் எத்தனை பேர்!

அடுத்தது கேட்டல். சேர்ந்திசையில் தன் குரலைவிடப் பக்கத்தில் நிற்பவர் குரலை மிகுதியாகக் கேட்பவரே நல்ல பாடகர். ஒருவர் உரத்துப் பாடினால் நாற்பது பேரின் பாட்டும் கெடும். இந்த ஒழுக்கம் பாட்டிற்கு மட்டுமன்று, ஓர் அமைப்பை நடத்துவோர்க்கும் உரியது.

இனி இசையெழுத்து. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று தமிழர் ஏழிசைக்குப் பெயரிட்டனர். சரிகமபதநி என்றெழுதி, மேல் தாயிக்கு மேலே புள்ளியும் கீழ்த் தாயிக்குக் கீழே புள்ளியும் இடுவது நம் முறை. பதினோராம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த குய்தோ என்னும் துறவி, முன்பு கேட்டறியாத பாட்டையும் சிறுவர் தாமே பார்த்துப் பாடுவதற்காகக் கோடுகளில் சுரம் எழுதும் முறையைச் செம்மைப்படுத்தினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜான் கர்வென், சாரா குளோவர் அம்மையார் வகுத்த வழியைப் பின்பற்றி, டோ ரே மி என்பவற்றை எழுத்துகளால் மட்டுமே குறிக்கும் டானிக் சோல்ஃபா முறையை ஏழை எளியோரிடம் பரப்பினார். நம் சட்சமத்தைப் போலவே அதன் டோவும் எந்தச் சுருதியிலும் நிற்கும். ஆகவே சரிகம அறிந்த பிள்ளைக்கு அது எளிது.

எழுத்தறியாதவர் கடிதத்தைப் படிக்கப் பிறர் வாசலில் நின்ற காலத்தை நம் பெரியோர் அறிவர். இசையெழுத்து அறியாதவர் நிலையும் அதுவே. எவரேனும் மனமிரங்கிப் பாடிக் காட்டினாலன்றி அவர்க்குப் புதுப்பாட்டு இல்லை. படிக்கத் தெரிந்தவர்க்கோ ஏடே ஆசிரியர்.

சான்றுகள் உள்ளன. திண்டுக்கல்லில் ஆசிரியராய் இருந்த ஆபிரகாம் பண்டிதர் இசையை ஆராய்ந்து 1917இல் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்டார். அந்நாளில் மதுரை மாவட்டத்தில் இருந்த பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, அண்ணன் பாவலர் வரதராசனுடன் ஊர் ஊராகப் பாடித் திரிந்தவர். சென்னை சென்று தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசையெழுத்தைக் கற்றார். அவர் எழுதிய சிம்பொனியை 2025 மார்ச் 8ஆம் நாள் இலண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவினர் வாசித்தனர். எழுத்து இருந்ததால் அன்றோ, தமிழறியாத கலைஞரும் அவர் எண்ணியதை அப்படியே இசைத்தனர்! எம். பி. சீனிவாசன் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை அமைத்துப் பாரதியார் பாடல்களைப் பல குரல்களில் பாடச் செய்தார்.

கடல் கடந்த ஒரு வரலாறும் நமக்கு உரியது. அமெரிக்காவில் விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்காக 1866இல் நாஷ்வில் நகரில் ஃபிஸ்க் பள்ளி தோன்றியது. அது கடனில் மூழ்கியபோது, 1871இல் ஒன்பது மாணவர் பாடிப் பொருள் திரட்டப் புறப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் அடிமைகளாய்ப் பிறந்தவர்கள். தம் பெற்றோர் வயலில் பாடிய பாடல்களையே அவர்கள் பயின்று செம்மையாகப் பாடினர். அப்பாடல்கள் 1872இல் சுரக்குறிப்புடன் நூலாயின. அவர்கள் ஈட்டிய பொருளால் எழுந்த ஜூபிலி மண்டபம் 1876இல் நிறைவெய்தியது. அடிமைகள் விடுதலை பெறும் விவிலிய ஆண்டின் பெயரே ஜூபிலி. நாம் கொண்டாடும் சில்வர் ஜூபிலியிலும் அச்சொல்லே இருப்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே கழகத்தார்க்கு மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். மாலை வகுப்பில் வாரம் இரண்டு மணி நேரம் சேர்ந்திசைக்கு ஒதுக்குங்கள். சுருதிப்பெட்டி ஒன்றும் கரும்பலகை ஒன்றும் தொடங்கப் போதும். ஆர்வமுள்ள பிள்ளைகளைப் பசுமலை அரசு இசைக் கல்லூரியிலும் பிற மாவட்டங்களிலுள்ள அரசு இசைப்பள்ளிகளிலும் சேர்க்க வழிகாட்டுங்கள். அனைத்திற்கும் மேலாக, நம் பாட்டிமார் பாடும் நடவுப் பாட்டையும் தாலாட்டையும் அவர்கள் இருக்கும்போதே சுரத்தோடு எழுதி வையுங்கள்.

இளைஞர்களே, பிறர் எழுதியதைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். நம்முடையதை எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். கழகத்தின் பொன்விழாவில் அந்த ஏட்டைப் பார்த்து நம் பேரப்பிள்ளைகள் சேர்ந்து பாடட்டும் என்று வாழ்த்தி அமைகிறேன்.