32 வயதில் மாணவரான குரு



மலையிலிருந்து இறங்கி வந்து நம் படவேட்டில் படிக்கும் மாணவி ஒருத்தியைத் திருப்பலியில் வாசகம் வாசிக்கச் சொன்னேன். "வேண்டாம் சாமி, எங்க ஊர்ப் பேச்சைக் கேட்டா சிரிப்பாங்க" என்றாள்.

எனக்குத் தனிநாயகம் அடிகளார் நினைவுக்கு வந்தார். 1913இல் யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறைப் பகுதியில் பிறந்து, உரோமையில் படித்து, 1938இல் குருவானவர். ஆங்கிலம், இலத்தீன், இத்தாலியம் எல்லாம் தெரியும். தமிழ் இலக்கியம் மட்டும் ஆழமாகப் படித்ததில்லை. வடக்கன்குளம் பள்ளியில் பணிக்கு வந்தபோது அங்கிருந்த தமிழாசிரியரிடம் பாடம் கேட்டார். 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராகவே சேர்ந்துவிட்டார். வயது 32. அங்கி அணிந்த குரு, இளைஞர்களோடு வகுப்பில்! நம்மில் எத்தனை குருக்கள் துணிவோம்?

பிறகுதான் ஜப்பான், அமெரிக்கா என்று பல நாடுகளில் தமிழ்ப் பண்பாட்டைப் பற்றி உரையாற்றினார். 1952இல் 'தமிழ் கல்ச்சர்' இதழைத் தொடங்கினார். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியதற்கு அவரே முதற்காரணம்.

இறையியலை ஆங்கிலத்தில் படித்து வந்த என் முதல் மறையுரை பாதியில் நின்றுபோனது. கோயிலில் ஒருவரும் சிரிக்கவில்லை; காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பில்தான் நான் பேசக் கற்றேன்.

வரும் ஞாயிறு முதல் வாசகம் அந்தப் பிள்ளைக்கு. சம்மதித்துவிட்டாள். முன்வரிசை இளைஞர்களே, உங்களை நம்பித்தான் சொல்லியிருக்கிறேன்.