புகையும் ஆவியும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)





எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. பீடி, சிகரெட்டின் கேடு பற்றி இங்கே பலமுறை பேசப்பட்டுவிட்டது. ஆகவே அவற்றின் தம்பியாக வந்திருக்கும் மின் சிகரெட்டைப் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறேன். வாலிபர்கள் இதனை 'வேப்' என்கின்றனர். வாலிபர்களின் விளையாட்டு என்று பெரியவர்கள் ஒதுக்கிவிட வேண்டாம்; "சிகரெட்டை விடத்தான் இதை வாங்கினேன்" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் குடும்பஸ்தர்களே.

இதனுள்ளே ஒரு பேட்டரி, ஒரு சுருள்கம்பி, நிக்கோடின் கலந்த திரவம் ஆகியவை உள்ளன. கம்பி சூடேறியதும் திரவம் ஆவியாகிறது. புகையிலை எரிவதில்லை, ஆதலால் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டைப் போல் வருவதில்லை. இதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் அது வெறும் நீராவியும் அன்று. மனிதனைப் பிடித்துவைக்கும் நிக்கோடின் அதிலும் இருக்கிறது.

இன்று நாம் காணும் வடிவத்தை 2003இல் உருவாக்கியவர் ஹான் லிக் என்னும் சீன மருந்தியலாளர். அவர் தந்தை நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர். அவரும் கடும் புகைப்பழக்கம் உடையவர். பிற்காலத்தில், தாம் மின் சிகரெட்டுடன் சாதாரணச் சிகரெட்டையும் பிடிப்பதாக அவரே ஒப்புக்கொண்டார்!

அவர் மட்டுமல்லர். அமெரிக்காவில் 2015இல் எடுத்த கணக்கின்படி, மின் சிகரெட் பிடித்த பெரியவர்களில் 58.8 சதவீதம் பேர் சிகரெட்டையும் விடவில்லை. முன்பு புகைத்து நிறுத்தியவர்கள் 29.8 சதவீதம். 18 முதல் 24 வயதினரிலோ, 40 சதவீதம் பேர் அதற்கு முன் முறையாகச் சிகரெட் பிடித்தவர்களே அல்லர். அதாவது ஒருவருக்கு வெளியே செல்லும் வாசலாக இருப்பது, இன்னொருவருக்கு உள்ளே வரும் வாசலாகிறது.

இங்கிலாந்தில் 2019இல் வெளியான ஓர் ஆய்வு மறுபக்கத்தைக் காட்டுகிறது. ஆலோசனையுடன் மின் சிகரெட் தரப்பட்டவர்களில் 18 சதவீதம் பேர் ஓராண்டு கழித்தும் சிகரெட் தொடவில்லை. நிக்கோடின் பட்டை, சூயிங்கம் போன்றவை பெற்றவர்களில் இது 9.9 சதவீதமே. ஆயினும் மின் சிகரெட்டால் விட்டவர்களில் 80 சதவீதம் பேர் அப்போதும் மின் சிகரெட்டைப் பிடித்துக்கொண்டிருந்தனர். சிகரெட் போயிற்று, அடிமைத்தனம் போகவில்லை.

நம் நாட்டில் 2016-17 கணக்கெடுப்பின்போது மின் சிகரெட்டைக் கேள்விப்பட்டவர்களே 3 சதவீதம்தான். புகையிலையைப் பயன்படுத்தியவர்களோ 28.6 சதவீதம். எண்ணூர் விரைவுச் சாலையில் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும் கண்டெய்னர் லாரி ஓட்டுநர், விடியுமுன் காசிமேட்டில் வலை இறக்கும் தொழிலாளி ஆகியோர் கையில் இருப்பது இன்றும் பீடிதான். புதியது வந்துவிட்டது என்று பழையதை மறந்துவிடலாகாது.

சட்டத்தைச் சொல்லியாக வேண்டும். தமிழக அரசு 2018 செப்டம்பரில் மின் சிகரெட்டைத் தடை செய்தது. மத்திய அரசு 2019 செப்டம்பர் 18 அன்று அவசரச் சட்டம் பிறப்பித்து, டிசம்பரில் நிரந்தரச் சட்டமாக்கியது. விற்றாலோ இறக்குமதி செய்தாலோ, முதல் முறைக்கு ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். இருப்பு வைத்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2019 முதல் இதன் விற்பனைக்கு அனுமதி உண்டு. அங்கிருந்து வரும் நம் பிள்ளைகள், அங்கே கடையில் கிடைப்பதுதானே என்று நண்பனுக்கு வாங்கி வந்து விமான நிலையச் சுங்கத்தில் சிக்கக்கூடாது. தகப்பனார்கள் தொலைபேசியிலேயே சொல்லிவிடுங்கள்.

"ஆவிதானே, நோன்பு முறியுமா?" என்றும் கேட்கிறார்கள். வேண்டுமென்றே உள்ளிழுக்கும் புகையைப் போன்றதே இதுவும். நோன்பு முறியும், களாச் செய்ய வேண்டும் என்பதே உலமாக்களின் விளக்கம். ரமளானில் பதின்மூன்று மணி நேரத்திற்கு மேல் பீடியின்றி இருப்பவர், இஃப்தார் முடிந்ததும் பள்ளி வாசலுக்கு வெளியே அவசரமாகப் பற்றவைப்பதைப் பார்க்கையில் மனம் வேதனைப்படுகிறது. பகலெல்லாம் முடிந்தது இரவில் ஏன் முடியவில்லை?

விட நினைப்போர் 1800 112 356 என்னும் அரசின் கட்டணமில்லாத் தொலைபேசியில் ஆலோசனை பெறலாம். அருகிலேயே ஸ்டான்லி மருத்துவமனை இருக்கிறது. மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். சூயிங்கம்மை நோன்பு நேரத்தில் மெல்ல முடியாது. தோலில் ஒட்டும் பட்டையைப் பற்றி நம் இமாம் அவர்களிடம் ரமளானுக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.