அலிபிரி படிகள்

திருப்பதி அடிவாரத்து அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3,550 படிகள். சுமார் 9 கிலோமீட்டர். காலி கோபுரம் வரை ஏற்றம் மூச்சு வாங்க வைக்கும். பிறகு சமதளம், மான் பூங்கா. 'இனி சுலபம்' என்று மனசு ஆறும்போது முழங்கால் முறிச்சான் என்னும் செங்குத்தான ஏற்றம் எதிரே நிற்கும். புனித மலையை மிதிக்க மனம் வராமல் ராமானுஜர் முழங்காலாலேயே ஏறினார் என்பது ஐதீகம்.

படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்து ஏறும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு படியிலும் குனிந்து நிமிர்கிறார்கள், அப்படியே மேலேயும் போய்ச் சேருகிறார்கள்! உச்சியை அண்ணாந்து பார்க்க அவர்களுக்கு நேரமே இல்லை. மன உறுதி என்று நான் நம்புவது இதைத்தான்.

வீட்டுக் கடனோ வைத்தியச் செலவோ மலையாகத் தெரிகிறதா? அதற்காக இன்று முடிகிற ஒரு வேலையை மட்டும் மதியத்துக்குள் முடித்துவிடுங்கள்.