வளைகிற மூட்டு, வலிக்கிற மூட்டு

சில பிள்ளைகள் கட்டைவிரலைப் பின்பக்கமாக வளைத்து முன்கையில் ஒட்டிக் காட்டுவார்கள். 'ரப்பர் மாதிரி வளையுதே!' என்று நாமும் கை தட்டுவோம். பெரும்பாலோருக்கு அது வெறும் விளையாட்டு. ஒரு சிலருக்கு மட்டும், எலர்ஸ் டான்லோஸ் என்ற அபூர்வக் கோளாறின் அடையாளம்.

1901இல் டென்மார்க்கின் எலர்ஸ், 1908இல் பிரான்சின் டான்லோஸ் என்று இரண்டு தோல் மருத்துவர்கள் இதை விவரித்தார்கள். இரண்டு பேர் பெயரும் சேர்ந்து நோயின் பெயராகிவிட்டது.

உடம்பின் பாகங்களைச் சேர்த்துப் பிடித்திருக்கிற புரதம் கொலாஜன். அது சரியாக அமையாவிட்டால் மூட்டைக் கட்டியிருக்கும் நார்கள் தளர்ந்துவிடும். பாட்டில் மூடியைத் திருகினால் விரல் பிசகும். தூக்கத்தில் புரண்டால் தோள் நழுவும். வெளியிலிருந்து பார்த்தால் ஆள் நன்றாகத்தான் தெரிவார். அதனால் வலியோடு சேர்த்து, 'நடிக்கிறான்' என்ற பேச்சையும் அவர் தாங்க வேண்டும்.

2017ஆம் ஆண்டு வகைப்பாட்டில் இதற்கு 13 வகைகள். ஒரு வகை ரத்தக் குழாய்களையே பலவீனமாக்கும். பரவலாகக் காணப்படும் மூட்டுத் தளர்ச்சி வகையை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனை கிடையாது. மருத்துவர் மூட்டுகளை வளைத்துப் பார்த்து 9க்கு மதிப்பெண் போடுவார். குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்றும் கேட்பார்.

முழுக்கக் குணமாக்க மருந்தில்லை. பிசியோதெரபி மூலம் தசைகளைப் பலப்படுத்தினால், அவை மூட்டுகளைத் தாங்கிக்கொள்ளும்.

மூட்டு அடிக்கடி நழுவுகிறது, வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் முதலில் நம்புங்கள். அப்புறம் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.