மருந்துக்கு இடும் அடையாளம்



புதுவாயலிலிருந்து கும்மிடிப்பூண்டி ஆலைகளுக்கு வேலைக்குச் செல்வோர் இவ்வவையில் பலர் உள்ளீர்கள். இரசாயன மூட்டையைச் சுமப்பவரும் அதனுள் இருப்பதை அறிந்திருத்தல் வேண்டும் என்பது என் எண்ணம்.

விழுங்கிய மருந்து உடலுக்குள் எங்கே செல்கிறது? கல்லீரல் அதனை என்னவாக மாற்றுகிறது? இதனை அறியாமல் அளவு வகுத்தல் நோயாளியின் உயிரோடு விளையாடுவதாகும். ஆனால் மருந்திலும் கார்பன், உடலிலும் கார்பன். பாலில் கலந்த பாலை எங்ஙனம் பிரித்தறிவது?

1940-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் மார்ட்டின் கேமனும் சாமுவேல் ரூபனும் கார்பன்-14 ஐக் கண்டறிந்தனர். வேதிவினையில் இது சாதாரண கார்பனைப் போன்றதே. ஆயினும் கதிர் வீசுவதால் கருவி அதனை அடையாளம் காணும். அணு உலையில் உண்டாகும் இதனைப் பேரியம் கார்பனேட்டாகப் பெற்று, கரியமில வாயுவாக்கி, அதிலிருந்து படிப்படியாக மருந்தைக் கட்டுவர். நம் நாட்டில் மும்பை டிராம்பேயில் தொடங்கிய இத்தகைய பணி, 1989-இல் அமைந்த கதிர்வீச்சு மற்றும் ஐசோடோப்புத் தொழில்நுட்ப வாரியத்தின் கைக்கு வந்தது.

எந்த அணுவில் குறியிடுவது என்பதிலேதான் அறிவு இருக்கிறது. ஆஸ்பிரினின் அசெட்டைல் பகுதி உடலில் விரைவாகக் கழன்றுவிடும். அங்கே குறியிட்டால் நாம் துரத்துவது அந்தத் துண்டை மட்டுமே; சாலிசிலேட் கண்ணுக்குத் தப்பிவிடும். வளையத்தில் குறியிட்டாலோ சிறுநீர் வரை அதனைத் தொடரலாம்.

கதிர் வீசாத கார்பன்-13 உம் உண்டு. அதனைத் தாங்கிய யூரியாவைக் குடிக்கச் செய்வர். வயிற்றில் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமி இருப்பின் அது யூரியாவைச் சிதைக்கும். அரைமணி நேரத்திற்குள் மூச்சுக்காற்றிலேயே அந்தக் கார்பன் வெளிப்பட்டுவிடும்.