நம்பத்தக்க தொழிலாளர் யார்? பிரதேச சபை சொல்லட்டும்!

(கொக்குவிலிற் கூடிய அன்பர்கள் முன்னிலையில் ஆற்றிய உரை)



நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள் சிறியதுபோலத் தோன்றும். வீடு கட்ட ஒரு மேசனை, மின்கம்பி இழுக்க ஒருவரை, கிணற்று மோட்டாரைத் திருத்த ஒருவரை நாம் எங்ஙனம் தெரிந்தெடுக்கின்றோம்? அயலாரைக் கேட்கின்றோம், அவர் சொன்னவருக்கு முற்பணம் கொடுக்கின்றோம். அப்பால் நடப்பது அவரவர் தலைவிதி. வெங்காயப் பாத்தி காய்ந்துகொண்டிருக்க, கழற்றிய மோட்டாரோடு ஆள் மறைந்துவிட்டால் கமக்காரன் எவரிடம் முறையிடுவான்?

முன்னாளில் ஓடாவியாரும் கொல்லரும் ஊரறிந்தவர்கள். வேலை பிழைத்தால் மறுநாள் கோயில் வீதியிலே கேட்கலாம். (அம்முறையிற் சாதிக்கட்டும் இருந்தது; அதனை மீண்டும் அழைக்க நாம் வரவில்லை.) போரும் 1995 ஆம் ஆண்டின் இடப்பெயர்வும் அந்த அறிமுகத்தைச் சிதறடித்தன. பின்னர் 2012 இல் வடக்கு கிழக்கிலே தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டம், வீடொன்றுக்கு 550,000 ரூபாவைத் தவணை தவணையாகக் கொடுத்து, கட்டும் பொறுப்பை வீட்டுக்காரரிடமே விட்டது. நல்ல முறைதான். ஆனால் ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பங்கள் ஒரே காலத்தில் மேசனைத் தேட நேர்ந்தது. ஒரு கட்ட வேலை முடிந்தாலன்றி அடுத்த தவணை வராது. மேசன் பிழைத்தால் வீடே நின்றுவிடும்.

பணம் மாத்திரமா போகின்றது? நம் குடாநாடு சுண்ணக்கல் நிலம். மலக்குழியைத் தகாத இடத்தில், தகாத முறையில் அமைத்தால் அதன் கசிவு கல்வெடிப்புகளினூடே கிணற்றுக்குப் போகும். ஒருவன் செய்த பிழையான வேலையை அயல் முழுவதும் குடிக்க நேரிடும். மின்கம்பியைப் பிழையாக இணைத்தாலோ, உயிரே போகும்.

வீட்டு வரைபடத்துக்குப் பிரதேச சபை அனுமதி தருகின்றது. வரைபடத்தைப் பார்க்கும் சபை, கட்டுபவரின் தகுதியையும் பார்த்துச் சொன்னால் என்ன? இது புதுமையன்று. இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரிலே 1999 இல் உள்ளூராட்சி அதிகாரிகள், ‘நம்பிக்கையோடு வாங்குக’ எனப் பொருள்படும் திட்டமொன்றை ஏற்படுத்தினர். விண்ணப்பிப்போர் முன்னர் யாருக்கு வேலை செய்தனர், அவர்மீது முறைப்பாடு உண்டா என்றெல்லாம் விசாரித்த பின்னரே பெயரைப் பட்டியலிற் சேர்ப்பர். நடத்தை கெட்டால் நீக்குவர். இலண்டனிலிருந்து கொக்குவில் வீட்டுக்குப் பணம் அனுப்பும் நம் பிள்ளைகளைக் கேளுங்கள். அங்கே குழாய் திருத்த ஆளை அழைக்குமுன் இத்தகைய பட்டியலைப் பார்ப்போர் பலர்!

நமக்கு வசதி இல்லையென்று சொல்லற்க. தொழில்நுட்பக் கல்லூரி நம் கொக்குவிலிலேயே இருக்கின்றது. தேசிய தொழிற்றகைமை ஏழு படிகளாக வகுக்கப்பட்டுள்ளது. பள்ளி செல்லாது கைப்பழக்கத்தாற் கற்ற மேசனும் தன் வேலையைச் செய்துகாட்டி அத்தாட்சிப் பத்திரம் பெறும் வழியும் உண்டு. ஆகவே முதிய தொழிலாளரைத் தள்ளிவைக்கும் ஏற்பாடு இதுவென எவரும் அஞ்சவேண்டா.

அஞ்சவேண்டியது வேறொன்று. பட்டியல் உறுப்பினரின் கைக்குப் போனால் அது கட்சிக்காரர் பட்டியலாகும், உறவினர் பட்டியலாகும். ஆதலால் பெயர் சேர்ப்பதும் நீக்குவதும் எழுத்திலே, காரணத்தோடு, எவரும் வாசிக்கத்தக்கதாக நடைபெறவேண்டும். தொழிலாளர் சொல்லும் குறையும் அவ்வேட்டில் ஏறட்டும். கூலியை இழுத்தடிக்கும் வீட்டுக்காரர் நம்மிடையே குறைவோ? பிணக்குத் தீராவிடில், 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த இணக்கசபை இருக்கின்றது.

2023 மார்ச்சு முதல் ஈராண்டுக்கு மேலாக உள்ளூராட்சி மன்றங்கள் மக்கள் பிரதிநிதிகளின்றிக் கிடந்தன. 2025 மே 6 ஆந் திகதித் தேர்தலோடு அக்குறை நீங்கியது. நல்லூர்ப் பிரதேச சபையிலே கொக்குவிலின் குரலாக அமர்ந்திருப்போரை நாம் கேட்பது இதுதான்: மேசன், மின்வேலை, மோட்டார் திருத்தம் ஆகிய மூன்று தொழில்களுக்கு மாத்திரமாவது முதலில் ஏட்டைத் திறவுங்கள். அதனை வாசிகசாலைதோறும் தொங்கவிடுங்கள்.