சடுதி மரணமும் முதல் பத்து நிமிடமும்

(தருமபுரம் பங்கின் ஜூபிலி விழாவையொட்டி, ஞாயிறு பூசைக்குப்பின் கோவில் முற்றத்தில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

விழா நாளில் சாவைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். நம் முன்னோர் அதற்கு அஞ்சியவர்கள் அல்லர். புனிதர்களின் மன்றாட்டு மாலையில் சடுதி மரணத்திலிருந்து காக்கும்படி தலைமுறை தலைமுறையாக மன்றாடி வந்தவர்கள் அவர்கள். நாமோ இன்று வேறு விதமாகப் பேசுகிறோம். "கொடுத்து வைத்தவர், படுக்கையில் கிடக்காமல் போய்விட்டார்" என்கிறோம். 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் மாணவர்கள் முன் பேசிக்கொண்டிருந்த அப்துல் கலாம் ஐயா மேடையிலேயே சரிந்தார். அப்போதும் நாடே அப்படித்தான் சொல்லிற்று. அவருக்கு வயது 83. சொல்லலாம்தான். ஆனால் அதே வார்த்தையை 50 வயதில் மூன்று பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனவனுக்கும் சொல்லி மனதைத் தேற்றிக் கொள்கிறோமே, அதைத்தான் நான் ஏற்கமாட்டேன்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக் கொள்வோம். மாரடைப்பு வேறு, இருதய நிறுத்தம் வேறு. நாம் காவிரியின் கடைமடைக்காரர்கள். நமக்கு இதை எளிதில் விளக்கலாம். மேலே வாய்க்கால் அடைபட்டால் கீழே வயல் காய்கிறது. அதுபோல், இருதயத்துக்கே இரத்தம் கொண்டுவரும் குழாய் அடைபட்டு அதன் தசை வாடுவது மாரடைப்பு. அந்த நேரத்தில் ஆள் பேசுவார், நடப்பார், வலிக்கிறது என்பார். இருதய நிறுத்தம் மின்சாரக் கோளாறு. இருதயத்தைத் துடிக்க வைக்கும் மின்னோட்டம் தாறுமாறாகி, அது சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்குகிறது. இரத்தம் ஓடுவதில்லை. சில நொடிகளில் ஆள் நினைவிழந்து விழுகிறார். நடுத்தர வயதைக் கடந்தோரிடம் இந்தக் கோளாறுக்குப் பெரும்பாலும் காரணம் அந்தக் குழாய் அடைப்பே. இளைஞர்களிடம் பிறவியிலேயே தடித்த இருதயத் தசை, பரம்பரையாக வரும் மின்னோட்டக் குறை, கிருமியால் உண்டாகும் இருதய அழற்சி போன்றவை காரணமாகலாம். ஓடும்போது மயங்கி விழுகிற பிள்ளையை, "வெயில் தாங்கவில்லை" என்று விட்டுவிடாதீர்கள். குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருந்தால், மற்றவர்கள் ஒருமுறை ஈ.சி.ஜி. எடுத்துக்கொள்வது நல்லது.

நடிகர் விவேக்கை இங்கே அறியாதவர் யார்? 2021 ஏப்ரல் 16 அன்று சென்னையில் மயங்கி விழுந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். இருதயத்தின் முக்கியக் குழாய் ஒன்று முழுவதும் அடைபட்டிருந்தது. அடைப்பை நீக்கியும் மறுநாள் விடியற்காலை காலமானார். வயது 59. முந்தின நாள் அவர் கொரோனா தடுப்பூசி போட்டிருந்ததால், ஊரெல்லாம் ஊசியைப் பற்றியே பேச்சு. அரசு அமைத்த நிபுணர் குழு அதை ஆராய்ந்து, ஊசிக்கும் சாவுக்கும் தொடர்பில்லை என்றது. குழாய்ச் சுவரில் கொழுப்பு படிவது ஒரு நாள் வேலையல்ல, பல ஆண்டு வேலை.

பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 18 முதல் 45 வயதுக்குள் காரணம் புரியாமல் திடீரென இறந்த 729 பேரைப் பற்றி ஆராய்ந்து 2023இல் வெளியிட்டது. தடுப்பூசியால் ஆபத்து கூடவில்லை. கொரோனாவால் மருத்துவமனையில் கிடந்தது, குடும்பத்தில் திடீர் மரணம், சாவுக்கு முந்தின 48 மணி நேரத்துக்குள் அளவுமீறிக் குடித்தது, போதைப்பொருள், கடும் உடல் உழைப்பு போன்றவற்றோடுதான் தொடர்பு தெரிந்தது. அளவுமீறிய குடி என்றதும் சில ஆண்பிள்ளைகள் தலையைக் குனிவது தெரிகிறது. நம் காரைக்காலுக்கு இந்தச் சரக்கைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வேளாங்கண்ணி மாதாவுக்கு மாலை போட்டு நாள் கணக்கில் சுத்தமாக இருந்து, நடந்தும் போய்விட்டு வந்து, மாலை கழற்றிய அன்று அத்தனை நாள் பாக்கியையும் ஒரே இரவில் தீர்க்கிறவர்கள் உண்டு. இருதயத்துக்கு இதைவிடக் கெடுதலான பழக்கம் குறைவு.

மற்றக் காரணங்கள் நீங்கள் அறிந்தவையே. 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மாரடைப்புகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் ஒன்பது காரணங்களுக்குள் அடங்கிவிடுகின்றன என்று காட்டிற்று. புகை, கெட்ட கொழுப்பு, இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, தொந்தி, மன உளைச்சல் முதலியவை அவற்றுள் முக்கியமானவை. நம் தெற்காசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஆறு ஆண்டு முன்னதாக வருகிறது என்பதும் அதில் தெரிந்தது. ஆகவே 50க்குப் பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்பது நமக்குப் பொருந்தாது. 30 வயதிலேயே கொதிப்பும் சர்க்கரையும் பார்த்துவிட வேண்டும். மீன் நல்லதுதான். கருவாடு, ஊறுகாய், அப்பளத்தில்தான் வில்லங்கம். ஒரு நாளைக்கு ஒருவருக்கு எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டி உப்புக்கு மேல் வேண்டாம். பீடி சிகரெட்டை விட்டு ஓராண்டானால், அதனால் கூடியிருந்த ஆபத்து பாதியாகக் குறைகிறது. இன்னொன்று: தவக்காலத்தில் ஒருசந்தி இருக்கிறேன் என்று சர்க்கரை மாத்திரையையும் கொதிப்பு மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். நோயாளிக்கு ஒருசந்திக் கடன் இல்லை. சந்தேகமானால் சுவாமியாரையே கேளுங்கள்.

இனி 'வாயு' விஷயத்துக்கு வருகிறேன். நெஞ்சில் பாறாங்கல் வைத்தது போல அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, சில்லென்ற வியர்வை, மூச்சுத்திணறல். இவை வந்தால் நம் வீடுகளில் முதலில் ஓடுவது சோடா வாங்கத்தான். இரவு என்றால், "விடியட்டும், பார்த்துக் கொள்ளலாம்" என்கிறோம். அடைபட்ட இருதயம் எந்த நேரமும் மின்னோட்டம் குழம்பி நிற்கக்கூடும். அந்த விடியல் சிலருக்கு வருவதில்லை. சர்க்கரைக்காரர்களுக்கு வலியே தெரியாமலும் போகலாம். பெண்களுக்குச் சில வேளை வெறும் களைப்பும் குமட்டலுமாக வரும். அவர்களும் சமையலை முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்துவிடுவார்கள். வாயுவாகவே இருந்தால் என்ன, ஆஸ்பத்திரிக்குப் போய் ஈ.சி.ஜி. எடுத்துவிட்டுத் திரும்பி வாருங்கள். யாரும் சிரிக்கமாட்டார்கள்.

ஒருவர் விழுந்தேவிட்டார் என்று வையுங்கள். இந்தக் கோவிலிலேயே, பூசை நடுவிலே. தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லை, மூச்சும் இல்லை, அல்லது இடைவிட்டுக் குறட்டை போல இழுக்கிறது. அந்த இழுப்பை உயிர்மூச்சு என்று நம்பி ஏமாறக் கூடாது. ஒருவர் 108ஐ அழைக்கட்டும். தண்ணீர் தெளிப்பது, வாயில் ஊற்றுவது, கையில் இரும்புச் சாவி திணிப்பது ஒன்றும் வேண்டாம். மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்சின் நடு எலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து, அதன்மேல் மறு கையைக் கோத்து, முழங்கை மடங்காமல் அழுத்துங்கள். வளர்ந்தவர்களுக்கு 5 சென்டிமீட்டர் குறையாமல், 6க்கு மேற்படாமல் இறங்க வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுதாக மேலெழ விடுங்கள். களைத்தால் அடுத்தவர் மாறிக்கொள்ளட்டும். வண்டி வரும்வரை நிறுத்தாதீர்கள்.

ஏன் இந்த அவசரம்? நெஞ்சை அழுத்தாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. பத்து நிமிடத்தில் மிச்சம் என்ன என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 108 எவ்வளவு விரைந்து வந்தாலும், அந்த முதல் நிமிடங்கள் எங்களைப் போன்ற மருத்துவர் கையில் இல்லை, பக்கத்தில் நிற்பவர் கையில் இருக்கின்றன.

பந்தாடும் தம்பிகளுக்கு எரிக்சனைத் தெரிந்திருக்கும். 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில், டென்மார்க்குக்கு ஆடிக்கொண்டிருந்தபோது இருதயம் நின்று விழுந்தார். மைதானத்திலேயே நெஞ்சை அழுத்தி, மின்அதிர்ச்சி கொடுத்தார்கள். பிழைத்தார், உடலுக்குள் ஒரு சிறு கருவி பொருத்திக்கொண்டு, 2022 உலகக் கோப்பையிலும் ஆடினார். அந்த மின்அதிர்ச்சிப் பெட்டி நம் தெருவில் இல்லை. நெஞ்சை அழுத்த இரண்டு கைகள் எல்லோரிடமும் இருக்கின்றன.

விலா எலும்பு முறிந்துவிடுமே என்கிறார்கள். முறியலாம். முறிந்த எலும்பு கூடும். பெண் விழுந்தால் ஆண்கள் தொடத் தயங்கி நிற்கிறார்கள். அந்தக் கூச்சத்தில் உயிர் போகிறது. அதனால்தான் தாய்மார்களும் இதைப் பழக வேண்டும் என்கிறேன்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். ஒவ்வொரு அன்பியத்திலிருந்தும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இதைக் கையால் செய்து பழகிக்கொள்ளட்டும். கோவில்பிள்ளையும் பாடகர் குழுவினரும் கட்டாயம். மேடைக்குப் பக்கத்தில் பாய் விரித்து, அழுத்திப் பழகக் கெட்டியான தலையணைகள் வைத்திருக்கிறோம். சாப்பாட்டுப் பந்திக்கு இன்னும் அரைமணி இருக்கிறது. முதலில் நான்கு பேர் முன்னால் வாருங்கள்.